ஏப்ரல் ஃபெரியா ஏன் மே மாதத்தில் வருகிறது?

2025-இல் ஸ்பெயினின் செவில் நகரத் திருவிழாவான 'ஏப்ரல் ஃபெரியா' மே 6-இல் தொடங்கி மே 11-இல் முடிந்தது. ஏப்ரல் என்பது பெயரோடு சரி. அந்தப் பெயரை நம்பி ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு விமான டிக்கெட் போட்டவர் போய் இறங்கியிருந்தால், தெருவில் கிதார், கைத்தட்டல், நடனம் எதுவும் இருந்திருக்காது. முகத்தை மூடிய கூர்த்தொப்பிக்காரர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி மெல்ல நடந்துபோவதைத்தான் பார்த்திருப்பார், ஏனென்றால் அது ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம்.

தேதியைச் சரியாகப் பிடித்துப் போனவருக்கும் குழப்பம் தீராது. மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்களில் பெரும்பாலானவற்றின் வாசலில் ஆள் நிற்கிறார், "யாருடைய விருந்தாளி?" என்று கேட்கிறார். அப்புறம், பார்சிலோனாவில் உலகத்துச் செல்போன் கம்பெனிகள் கூடும் கண்காட்சிக்கும் அதே 'ஃபெரியா' என்ற சொல்தான், ஆனால் அங்கே கழுத்தில் அட்டை தொங்காமல் வாசலைத் தாண்ட முடியாது.

இது எல்லாம் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கியது, தேதி எப்படிக் குறிக்கப்படுகிறது, எந்த வாசல் யாருக்குத் திறக்கும் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் அந்தச் சொல்

லத்தீனில் 'ஃபெரியே' என்றால் வேலையை நிறுத்திவிட்டுத் தெய்வத்துக்கென ஒதுக்கிய நாட்கள். ஆங்கிலத்தின் 'ஃபேர்' இதே வேரில் வந்ததுதான். போர்த்துகீசியத்தில் திங்கள் முதல் வெள்ளி வரையான கிழமைப் பெயர்களிலேயே 'ஃபெய்ரா' ஒட்டிக்கொண்டிருக்கிறது. புனிதர் ஒருவரின் நாள் என்றால் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே ஊரில் கூடும், கூட்டம் கூடினால் கடை போடாமல் இருப்பார்களா? அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் சேர்ந்தே நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நமக்குத் திருவிழா, சந்தை என்று இரண்டு சொல் இருக்கிறது, ஸ்பானிய மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இதில் வியாபாரப் பக்கம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு மெதீனா தெல் காம்போ என்ற ஊர் போதும். மாட்ரிடுக்கு வடமேற்கே இருக்கும் சின்ன ஊர். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் மே மாதம் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை அங்கே ஃபெரியா கூடியது. காஸ்தில் நாட்டுக் கம்பளியை வாங்கி வடக்கே ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களுக்கு அனுப்பும் வணிகர்கள் அங்கேதான் கணக்குத் தீர்த்தார்கள். மூட்டை மூட்டையாக நாணயத்தைச் சுமக்க யாருக்கும் விருப்பமில்லை, அதனால் 'இந்தத் தொகையை அடுத்த ஃபெரியாவில் தருகிறேன்' என்று எழுதிய மாற்றுச் சீட்டுகள் கைமாறின. நம் ஊர் வணிகர்கள் உண்டியல் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். நாளடைவில் சரக்கைவிடச் சீட்டு வியாபாரமே பெரிதாகிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டாம் ஃபிலிப் மன்னர் திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது மெதீனாவின் ஃபெரியாவும் படுத்துவிட்டது.

இன்றைக்கு ஒரு சுவரொட்டியில் 'ஃபெரியா' என்று பார்த்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்:

1. ஊர்க் கொண்டாட்டம். கூடாரம், உணவு, நடனம், குதிரை, ராட்டினம். செவில், ஹெரெஸ், கோர்தோபா ஃபெரியாக்கள் இந்த வகை.
2. வர்த்தகக் கண்காட்சி. ஒரு தொழிலில் இருப்பவர்கள் வாங்கவும் விற்கவும் ஒப்பந்தம் போடவும் கூடுவது. பார்சிலோனா வட்டாரத்தின் கத்தலான் மொழியில் இதை 'ஃபீரா' என்பார்கள். பார்சிலோனாவின் கண்காட்சி அமைப்புக்குப் பெயரே அதுதான்.
3. நடுவில் ஒரு ரகம். புத்தகம், கைவினைப் பொருள், பழம்பொருள் என்று பூங்காவிலோ சதுக்கத்திலோ கடை போட்டுப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பது.

மாட்டுச் சந்தையில் ஆட்டம் எப்படி நுழைந்தது

செவில் ஃபெரியாவை இன்று தென் ஸ்பெயினின் ஆண்டலூசியா பகுதிக்கே முகவரி மாதிரி காட்டுகிறார்கள். அதைத் தொடங்கிவைத்த இரண்டு நகரசபை உறுப்பினர்களில் ஒருவர் பாஸ்க் நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஹோசே மரியா இபாரா, இன்னொருவர் கத்தலோனியாவிலிருந்து வந்த நார்சிசோ போனாப்லாத்தா. இருவருமே வெளியூர்க்காரர்கள், தொழில் செய்ய வந்தவர்கள். அவர்கள் 1846-இல் நகரசபையில் கேட்டது ஏப்ரலில் மூன்று நாள் கால்நடைச் சந்தை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டாம் இசபெல் அரசி அனுமதி கொடுத்தார், 1847 ஏப்ரல் 18-இல் பிராதோ தே சான் செபஸ்தியான் திடலில் முதல் சந்தை கூடியது.

சந்தைக்கு வந்த மாட்டுக்காரர்களும் குதிரைக்காரர்களும் வெயிலுக்கு ஒதுங்கக் கூடாரம் போட்டார்கள். கூடாரத்தில் பேரம் நடக்கும், பேரம் படிந்தால் ஒரு குவளை மது, மது வந்தால் பாட்டு. சில ஆண்டுகளிலேயே, இந்த ஆட்டமும் பாட்டும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று ஏற்பாட்டாளர்களே நகரசபையிடம் முறையிட்டதாகச் சொல்வார்கள். அந்த முறையீடு பலித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. மாடு மெல்ல மெல்ல விலகியது, கூடாரம் தங்கிவிட்டது.

உடையும் இதே வழியில் வந்ததுதான். இன்று பல நூறு யூரோ கொடுத்துத் தைத்துக்கொள்ளும் சுருக்கு மடிப்பு வைத்த நீண்ட கவுன், ஆதியில் சந்தைக்கு வந்த கிராமத்துப் பெண்களும் ஜிப்சிப் பெண்களும் உடுத்திய சாதாரண வேலை உடை. பணக்கார வீட்டுப் பெண்களுக்கு அது பிடித்துப்போனது, எடுத்துக்கொண்டார்கள்.

1973-இல் இடம் போதாமல் ஃபெரியா ஆற்றுக்கு மறுகரையில் லோஸ் ரெமேதியோஸ் பகுதிக்கு மாறியது. அங்கே கூடார வரிசைகளுக்கு நடுவே ஓடும் தெருக்களுக்குப் புகழ்பெற்ற காளைச்சண்டை வீரர்களின் பெயர்கள். தரையில் மஞ்சள் மண் கொட்டியிருப்பார்கள், சாயங்காலத்துக்குள் செருப்பு மட்டுமில்லை, கவுனின் விளிம்பும் மஞ்சளாகிவிடும். முதல் இரவு பொரித்த மீன் விருந்து. நள்ளிரவு 12 மணிக்கு, ஆண்டுக்கு ஒரு வடிவத்தில் புதிதாகக் கட்டும் நுழைவு வளைவின் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும், இதற்குப் பெயர் 'அலும்ப்ராவோ'. மதியத்தில் குதிரை வண்டிகள். இரவு முழுக்க செவியானாஸ் நடனமும் ரெபுஹீத்தோவும். மன்சனீயா என்ற வெள்ளை ஒயினில் எலுமிச்சைச் சுவை சோடா கலந்ததுதான் ரெபுஹீத்தோ. குடிக்க லேசாக இருக்கும், அதில்தான் பலர் ஏமாறுவது. விடியும்போது சாக்லெட்டில் தோய்த்த சுர்ரோ தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள்.

தேதியைக் குறிப்பது எது

ஸ்பெயினின் வசந்தகாலத்தில் மூன்று நாட்காட்டிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எது எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் டிக்கெட் போடுவதால்தான் பாதிப் பிரச்சினை.

1. நிலாவைப் பார்த்து நகர்பவை. ஈஸ்டர் என்பது மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு (திருச்சபையின் கணக்கில் வரும் பௌர்ணமி, வானத்துப் பௌர்ணமியோடு சில ஆண்டுகள் ஒத்துப்போகாது). அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறும் ஈஸ்டராக இருக்கலாம். அதற்கு முந்தைய வாரம் புனித வாரம். செவில் ஃபெரியா ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்து. ஈஸ்டரைச் சேர்த்து எண்ணினால் 50-ஆம் நாளான பெந்தெகொஸ்தேயில் எல் ரோசியோ யாத்திரை, இதற்கு மாட்டு வண்டியிலும் குதிரையிலும் நடந்தும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள்.

2. அசையாதவை. வாலென்சியாவில் சிலைகளைக் கட்டி எரிக்கும் ஃபாயாஸ் விழா எப்போதும் மார்ச் 19-இல் முடியும். கத்தலோனியாவில் புத்தகமும் ரோஜாவும் கொடுத்துக்கொள்ளும் சான் ஜோர்தி நாள் ஏப்ரல் 23. மாட்ரிடின் காவல் புனிதர் சான் இசித்ரோவின் நாள் மே 15. இவை எந்தக் கிழமையில் விழுந்தாலும் கவலைப்படாது.

3. தொழில் பார்த்து வைப்பவை. வர்த்தகக் கண்காட்சிகளின் தேதியை ஏற்பாட்டாளரும் அரங்க நிர்வாகமும் பேசி முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். சில ஆண்டுதோறும், சில இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. உணவுத் துறையின் 'அலிமெந்தாரியா' பார்சிலோனாவில் இரட்டைப்படை ஆண்டுகளில் நடப்பது, ஒற்றைப்படை ஆண்டில் அதற்காகப் போனால் அரங்கத்தில் வேறு ஏதாவதுதான் நடந்துகொண்டிருக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. இரண்டு வாரம் தாண்டி மே 5 திங்கள் நள்ளிரவில் விளக்கேற்றினால் ஃபெரியா முழுக்க மே மாதத்தில்தான் விழும், விழுந்தது. 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, ஃபெரியா ஏப்ரல் 21 முதல் 26 வரை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2017 முதல் 2024 வரை விளக்கேற்றம் சனிக்கிழமை இரவுக்கு மாற்றப்பட்டிருந்தது, விழா அடுத்த சனி வரை ஓடியது. 2025-இல் பழையபடி திங்கள் நள்ளிரவு தொடங்கி ஞாயிறு முடிவது என்று திரும்பிவிட்டார்கள். ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் 'தொடக்கம் சனிக்கிழமை' என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள்.

யார் வாசல்?

செவிலில் கூடாரத்துக்கு 'கசேத்தா' என்று பெயர். இரும்புச் சட்டம், அதன்மேல் பச்சை வெள்ளை அல்லது சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி. முன்பக்கம் மேசை நாற்காலியும் ஆட இடமும், பின்பக்கம் சமையலும் மதுக்கூடமும். இடம் நகரசபையுடையது, ஆனால் உரிமம் ஒரு குடும்பத்துக்கோ நண்பர் குழுவுக்கோ சங்கத்துக்கோ நிறுவனத்துக்கோ கொடுக்கப்படுகிறது. ஆண்டுதோறும் கட்டணத்தைக் கட்டி விதிகளை மீறாமல் இருந்தால் உரிமம் அவர்களிடமே தொடரும். யாரும் விடுவதில்லை. புதிதாகக் கேட்பவர்களின் காத்திருப்புப் பட்டியல் பல ஆண்டு நீளம், சிலருக்குத் தலைமுறைக் கணக்கு.

வெளியூர்க்காரர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதுண்டு. அப்படிப் பார்க்க வேண்டியதில்லை, கல்யாண மண்டபத்து வாசலில் நின்று 'ஏன் சாப்பாட்டு டிக்கெட் விற்கவில்லை' என்று கேட்பது மாதிரிதான் அது. உள்ளே நடப்பதற்கு அந்த உறுப்பினர்கள் ஆண்டு முழுக்கச் சந்தா கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஊர்ப் பொது மைதானத்தில் வாரக்கணக்கில் கட்டி எழுப்பும் ஒரு நகரத்தின் பெரும்பகுதி தனியார் கதவாக இருப்பது சரியா என்ற கேள்வி செவில்காரர்களிடமே இருக்கிறது. எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

அழைப்பு இல்லாதவருக்கு வழி இல்லாமல் இல்லை. நகரத்தின் வட்டாரங்களுக்கான பொதுக் கூடாரங்கள் இருக்கின்றன, சில தொழிற்சங்கங்களும் அரசியல் கட்சிகளும் தங்கள் கூடாரத்தைத் திறந்தே வைக்கின்றன. கம்யூனிஸ்டுக் கூடாரத்தில் இறால் பொரியல் தின்றுகொண்டு செவியானாஸ் பார்ப்பது இங்கே வழக்கமான விஷயம். ராட்டினங்கள் இருக்கும் பகுதி எல்லாருக்கும் பொது. பெயர் 'நரகத் தெரு', சத்தத்தைக் கேட்டால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

கூடாரத்துக்குள் போயே ஆக வேண்டும் என்றால் ஊரை மாற்றுவதுதான் சுலபம். மே மாதத்தில் ஹெரெஸ் நகரின் குதிரை ஃபெரியாவிலும், மே கடைசியில் கோர்தோபா ஃபெரியாவிலும் பெரும்பாலான கூடாரங்கள் யாருக்கும் திறந்தவை. கோர்தோபாவில் இன்னொரு விசேஷம், மே முதல் பாதியில் மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தையே திறந்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் முழுக்க நீலத் தொட்டிகளில் ஜெரேனியம், நடுவில் கிணறு, உயரத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற நீளக் கம்பின் நுனியில் கட்டிய தகரக் குவளை. வரிசையில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும், டிக்கெட் இல்லை. எந்த முற்றம் அழகு என்ற இந்தப் போட்டி 1921-இல் தொடங்கியது, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செவிலில் பொது மைதானத்தில் தனியார் கதவு, கோர்தோபாவில் தனியார் வீட்டில் திறந்த கதவு. இரண்டுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

வாலென்சியா: எரிக்கவே கட்டுவது

ஃபாயாஸ் முற்றிலும் வேறு ஜாதி. நகரம் முழுக்கக் கிட்டத்தட்ட 400 தெருக் குழுக்கள், ஒவ்வொரு குழுவும் ஆண்டு முழுக்கச் சந்தா பிரித்து, கலைஞரை அமர்த்தி, மரம், அட்டை, தெர்மகோல் எல்லாம் வைத்துச் சிலைக் கூட்டம் ஒன்று கட்டும். சில பல மாடி உயரம். அரசியல்வாதி, சினிமாக்காரர், பெரிய பணக்காரர் யாரும் கிண்டலுக்குத் தப்ப மாட்டார்கள். மார்ச் 15 இரவுக்குள் நிறுத்தி முடிக்க வேண்டும், 19 இரவு கொளுத்திவிடுவார்கள். கட்டியதற்கும் எரிப்பதற்கும் நடுவே நான்கு நாள்.

இதைத் தொடங்கியவர்கள் தச்சர்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. குளிர்காலத்தில் விளக்கைத் தொங்கவிட்டு வேலை செய்த மரத்தண்டை, பகல் நீளத் தொடங்கியதும் தங்கள் காவல் புனிதர் சூசையப்பரின் நாளில் மரச்சீவலோடு சேர்த்து எரித்தார்கள், பிறகு தண்டுக்குப் பழந்துணி உடுத்தி ஊரில் யாரையாவது கேலி செய்தார்கள் என்பார்கள். ஆய்வாளர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் 19 சூசையப்பர் நாள் என்பதில் சந்தேகமில்லை.

உருவங்களை 'நினோட்' என்பார்கள். 1934 முதல் ஆண்டுதோறும் மக்கள் வாக்களித்து நெருப்பிலிருந்து காப்பாற்றும் நினோட்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். மற்றதெல்லாம் சாம்பல். கடைசி இரவில் முதலில் குழந்தைகளுக்கான சின்னச் சிலைகள், பிறகு பெரியவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் நகரசபைச் சதுக்கத்துச் சிலை. தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களையும் பால்கனிகளையும் நனைத்தபடியே நிற்பார்கள். குறுகிய சந்துகளில் அந்தச் சூடு முகத்தில் அறையும்.

போகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று 'மஸ்க்ளெத்தா'. மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகரசபைச் சதுக்கத்தில் வெடி. பட்டப்பகலில் ஏன் வாணவேடிக்கை என்று கேட்பார்கள். பார்ப்பதற்கான வேடிக்கை இல்லை இது, காதாலும் நெஞ்சாலும் கேட்பது. ஒரு தாளக்கட்டோடு மெல்லத் தொடங்கி, நெருக்கி நெருக்கி வந்து, கடைசிச் சில விநாடிகளில் தரை அதிரும். அந்தக் கடைசிப் பகுதிக்கு 'நிலநடுக்கம்' என்றே பெயர். வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், காதுக்கு அழுத்தம் குறையுமாம். கைக்குழந்தையோடு போகும் இடம் இல்லை.

2020-இல் கொரோனாவால் சிலைகள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் விழா நிறுத்தப்பட்டது. நகரசபைச் சதுக்கத்தில் தியானத்தில் கண்மூடியிருந்த பெரிய பெண் சிலையின் முகத்துக்கு முகக்கவசம் கட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபாயாஸ் செப்டம்பரில் நடந்தது. அசையாத தேதி என்று மேலே சொன்னேன், அது அசைவது இப்படி அபூர்வமாகத்தான்.

கூர்த்தொப்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

புனித வார ஊர்வலத்தின் படங்கள் இணையத்தில் வரும்போதெல்லாம் அமெரிக்காவின் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஸ்பெயினின் தொப்பி அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. தவம் செய்பவர் தான் யாரென்று தெரியாமல் செய்ய வேண்டும் என்பதற்காக முகத்தை மூடுவது. அணிபவர்களை 'நசரேனோ' என்பார்கள். பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு வழியில் நிற்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களும் இவர்கள்தான். செவில் குழந்தைகள் அவர்கள் மெழுகுவர்த்தியிலிருந்து சொட்டும் மெழுகைப் பிடித்துப் பிடித்து உருண்டையாகச் சேர்ப்பார்கள், ஆண்டுக்கு ஆண்டு உருண்டை பெரிதாகும்.

சிலைகளைச் சுமக்கும் மேடை 'பாசோ'. சக்கரம் கிடையாது. தொங்கும் வெல்வெட் துணிக்குள் வெளியே தெரியாமல் முப்பது நாற்பது பேர் பிடரியில் பாரம் தாங்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு வழி தெரியாது, முன்னால் நிற்கும் தலைவர் மேடையில் பொருத்திய உலோகச் சுத்தியைத் தட்டிச் சைகை கொடுப்பார், ஒரு தட்டுக்குத் தயார், அடுத்ததற்கு எல்லாரும் ஒரே தவ்வில் மேலே. மழை வரும் போலிருந்தால், ஊர்வலத்தை நடத்தும் சகோதரத்துவ அமைப்பு அதையே ரத்து செய்துவிடும், தேவாலய வாசலில் பெரியவர்கள் அழுவதைப் பார்க்கலாம். பணம் திரும்பக் கேட்க இடமில்லை, ஏனென்றால் தெருவில் நின்று பார்க்க யாரும் பணம் வாங்குவதில்லை. உச்சம் வியாழன் இரவு தொடங்கி வெள்ளி காலை முடியும் 'மத்ருகா', மக்கரேனா மாதாவும் திரியானாவின் எஸ்பெரான்சா மாதாவும் வெளியே வரும் இரவு.

கழுத்தில் அட்டை தொங்கும் ஃபெரியா

வர்த்தகக் கண்காட்சியில் கேள்வி 'யாருடைய விருந்தாளி' என்பது இல்லை, 'என்ன தொழில்' என்பது. மாட்ரிடில் 1980-இல் தொடங்கிய இஃபேமா, பார்சிலோனாவின் ஃபீரா, வாலென்சியாவின் கண்காட்சி வளாகம் மூன்றும்தான் பெரிய களங்கள். இவற்றில் உள்ளே போகும் விதி மூன்று விதம்:

1. தொழில்காரர்களுக்கு மட்டும். பார்சிலோனாவில் 2006 முதல் நடக்கும் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் இந்த ரகம், ஒரு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து 2022-இல் பார்சிலோனாவுக்கு இடம் மாறிய கடல் உணவுக் கண்காட்சியும் அப்படித்தான், இறால் ஏற்றுமதி செய்யும் இந்தியர்களுக்குப் பழக்கமான இடம். சியுதாத் ரியால் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளின் மே மாதத்தில் நடக்கும் ஃபெனாவின் ஒயின் கண்காட்சிக்கு, ஒயின் ருசிக்கலாம் என்று சும்மா போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

2. முதல் நாட்கள் தொழில்காரர்களுக்கு, பிறகு எல்லாருக்கும். மாட்ரிடின் ஆர்கோ கலைக் கண்காட்சி 1982-இலிருந்து இப்படி நடக்கிறது. பொதுமக்கள் நாட்களுக்கு டிக்கெட் உண்டு.

3. வாசலே இல்லாதவை. சான் ஜோர்தி அன்று பார்சிலோனா தெருக்கள், மாட்ரிடின் ரெத்திரோ பூங்காவில் மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை நடக்கும் புத்தகக் கண்காட்சி.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மாட்ரிட் கண்காட்சி 1933-இல் தொடங்கியது. எண் போட்ட சின்னச் சின்னக் கடைகள், எழுத்தாளர் உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார், பிரபலமானவருக்கு வரிசை மரங்களுக்கு நடுவே வளைந்து போகும், பக்கத்துக் கடைக்காரர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்பெயினில் புத்தகத்துக்குச் சட்டப்படி ஒரே விலை, கடைக்காரர் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. புத்தக நாளிலும் புத்தகக் கண்காட்சியிலும் மட்டும் 10 சதவீதம் வரை குறைக்கலாம். அந்தக் கூடுதல் 5 சதவீதத்துக்காகவே பட்டியல் எழுதி வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. சான் ஜோர்தி அன்று புத்தகமும் ரோஜாவும் கொடுத்துக்கொள்ளும் வழக்கத்தின் வழியாகத்தான் ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளானது, 1995-இல் யுனெஸ்கோ அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால் கத்தலோனியாவில் அன்று அரசு விடுமுறை கிடையாது. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு, நடுவிலும் மாலையிலும் தெருவை நிரப்புகிறார்கள்.

அறை வாடகை, அடைத்த கடை, விசா

கண்காட்சியோ திருவிழாவோ, ஹோட்டல்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். தேதி முன்பே தெரியும், அறைகளின் எண்ணிக்கை கூடாது, ஆகவே விலை ஏறும். பார்சிலோனாவில் மொபைல் கண்காட்சி வாரம், செவிலில் புனித வாரமும் ஃபெரியாவும், வாலென்சியாவில் மார்ச் 15 முதல் 19 வரை, இந்த நாட்களில் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர் தேவையில்லாமல் மற்றவர்களின் திருவிழாவுக்குக் காசு கொடுக்கிறார். பார்சிலோனா சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்திருக்கிறது, அதற்குப் பிறகு நெருக்கம் குறைய வாய்ப்பில்லை.

விடுமுறையும் ஊருக்கு ஊர் மாறும். புனித வெள்ளி நாடு முழுக்க, மார்ச் 19 வாலென்சியாவில், மே 2-உம் 15-உம் மாட்ரிடில். விடுமுறைக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒரு வேலை நாள் மாட்டினால் அதையும் சேர்த்து லீவு போடுவார்கள், அதற்குப் 'பாலம்' என்று பெயர். அந்த நாளில் அலுவலகத்தில் யாரையும் சந்திக்கத் திட்டம் போடாதீர்கள்.

விசா ஷெங்கன் குறுகியகால விசாதான், 180 நாட்களில் 90 நாட்கள் வரை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால் கடைசி நாள் வரை இழுப்பது புத்திசாலித்தனம் இல்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கண்காட்சிக்குப் போகிறவர் நோக்கத்தை வணிகம் என்று காட்டி, பதிவு உறுதிக் கடிதத்தை இணைக்க வேண்டும். கண்காட்சி முடிந்த பிறகு அதே விசாவில் இரண்டு நாள் தங்கித் திருவிழா பார்த்துவிட்டு வரத் தடையில்லை, அந்த நாட்களையும் விண்ணப்பத்தில் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவே.

சரி, எந்த ஆண்டு போவது? 2027-ஐப் பாருங்கள். ஈஸ்டர் மார்ச் 28, ஆகவே புனித வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறு மார்ச் 21. ஃபாயாஸ் முடியும் மார்ச் 19 வெள்ளிக்கிழமை. வெள்ளி இரவு வாலென்சியாவில் கடைசிச் சிலை எரிவதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை ரயிலேறினால், ஞாயிறு மதியம் செவிலில் முதல் பாசோ தேவாலய வாசலைத் தாண்டும்போது தெருவோரத்தில் நிற்கலாம். விதிப்படி அந்த ஆண்டின் ஏப்ரல் ஃபெரியா ஏப்ரல் 12 நள்ளிரவில் தொடங்க வேண்டும், பெயருக்கு ஏற்ற மாதத்திலேயே.